பத்தாவது நிமிடத்தில் கறுத்துப்போகும் விலைப்பலகை

கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடை நடத்துபவர்களுக்கு அன்றைய பவுண் விலையை வாசலில் தெரியும்படி வைப்பது கடைக் கதவைத் திறப்பதோடு சேர்ந்த வேலை. நான் கணக்கெழுதும் கடையில் அந்த வேலையை நீண்ட காலம் ஒரு கரும்பலகையும் சோக்கட்டியும் பார்த்துவந்தன. விலை நாளுக்கு ஒரு தடவை மாறிய காலத்துக்கு அது போதுமாக இருந்தது. காலையில் எழுதியது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே பழையதாகிவிடும் இக்காலத்துக்கு அது போதவில்லை. ஆகவே கடந்த ஆண்டு பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு கணினிக் கடையில், விலையைக் காட்டுவதற்கென்றே அமைத்துத் தரும் தொகுதி ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினோம். பாவித்த சிறு மேசைக் கணினி ஒன்று, அதில் ஏற்றிய லினக்ஸ் இயங்குதளம், 22 அங்குல மொனிட்டர் ஒன்று, சுவரில் பொருத்தும் கூலி ஆகிய யாவும் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஓராண்டு பாவித்தபின் எழுதுகிறேன். பொருள் நல்லது, பொருத்திக் கொடுத்த சேவை அரைகுறை. அந்த அரைகுறை முழுவதும் திரை தானாக அணைவதைத் தடுக்கும் விடயத்திலேயே இருந்தது என்பதால், இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணினி ஒரு பெரிய அகராதியின் அளவுதான். மொனிட்டருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மின்விசிறி இரைச்சல் வாடிக்கையாளரின் காதில் விழுவதில்லை. ஆரம்பத்தில் அவர்கள் தந்தது வெறும் எழுத்துத் திரை: சன்னலோ படமோ சுட்டியோ இல்லாத, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மட்டும் தோன்றும் லினக்ஸின் கன்சோல். 24 கரட், 22 கரட் ஆகிய இரண்டுக்கும் ஒரு பவுணின் விலை, அதாவது எட்டுக் கிராமின் விலை, பெரிய இலக்கங்களில் தெரியும். நான் என் மேசைக் கணினியிலிருந்து ஒரு கோப்பில் இலக்கத்தை மாற்றினால் அடுத்த விநாடியே வாசல் திரையில் மாறிவிடும். சோக்குத் தூளுக்குப் பழகிய கைக்கு இது பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல் பத்து நிமிடம் நீடித்தது. பத்தாவது நிமிடம் முடிந்ததும் எழுத்து மறைந்து, நீலப் பெட்டிக்குள் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையின் மூலைக்கு மூலை அலைந்து, பின்னர் அதுவும் போய், மொனிட்டரின் கீழ்ப்புறச் சிறு விளக்கு நீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு மாறியது. உள்ளே விலை மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், இந்த ஏற்பாட்டில் ஒரு நிரல் திரைக்கு எழுத்து அனுப்புவது யாரோ கணினியைப் பாவிப்பதாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. விசைப்பலகையில் விரல் பட்டால்தான் கணக்கு. விசைப்பலகையே இல்லாமல் சுவரில் தொங்கும் கணினிக்கு இது எவ்வளவு பொருந்தாத விதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேறொரு கடைக்கு இது சிறு குறையாக இருக்கலாம். நகைக்கடைக்கு அப்படியல்ல. வெள்ளவத்தையிலிருந்து மகளின் தாலிக்கொடிக்குப் பவுண் வாங்க வந்த ஓர் அம்மா, உள்ளே வரும்போது விலையைப் பார்த்துவிட்டு, இருக்கையில் அமர்ந்து இரண்டு கொடிகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு திரும்பினால் பலகை கறுத்திருந்தது. "தம்பி, விலை ஏறப்போகுது எண்டு போர்ட்டை அணைச்சுப்போட்டீங்களோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனினும் பில் போடும்போது கைப்பேசியை எடுத்து விலையை இரண்டாம் முறை சரிபார்த்தார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

விற்ற கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த முதல் தீர்வு, ஒரு விசைப்பலகையை இணைத்து அவ்வப்போது ஷிஃப்ட் விசையை அழுத்துங்கள் என்பது. ஷிஃப்ட் விசை எந்த எழுத்தையும் பதியாது, திரையை மட்டும் எழுப்பும் என்ற அளவில் அந்த யோசனை சரிதான். இரண்டு கிழமை எங்கள் கடையில் பிளேன்டீ கொண்டுவரும் பையனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலுக்குப் போய் ஷிஃப்ட் அழுத்தும் கூடுதல் உத்தியோகம் கிடைத்தது. 62,000 ரூபாய் கொடுத்து வாங்கிய தானியங்கிப் பலகையை ஒரு மனிதன் காவல் காப்பது வேடிக்கையாக இருந்தாலும், முதலாளிக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை.

அவர் தாமே பேசியபின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் நேரில் வந்தார். கணினி தொடங்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குக் கொடுக்கப்படும் கட்டளை வரியில் 'கன்சோல்பிளாங்க்' என்ற அளவுருவைச் சேர்த்து, அதற்கு 60 என்று மதிப்புக் கொடுத்து, "இனி ஒரு மணித்தியாலம் நிக்கும் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முச்சக்கரவண்டி பிடித்துத் தெருமுனையைத் தாண்டுவதற்குள் திரை அணைந்தது. அந்த அளவுரு விநாடியில் எண்ணுகிறது. அவர் நினைத்தது நிமிடம். இந்தத் தவற்றுக்கு அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. இதே வேலையைச் செய்யும் 'செட்டெர்ம்' என்ற கருவியில் அளவு நிமிடத்தில்தான், அதுவும் 0 முதல் 60 வரைதான், கொடுக்கவேண்டும். ஒரே நோக்கத்துக்கான இரண்டு வழிகளில் ஒன்று விநாடியிலும் மற்றது நிமிடத்திலும் பேசுவது கருவிகளை எழுதியவர்களின் குறை. ஆனால், வேலை முடிந்தபின் பத்து நிமிடம் நின்று பார்க்காமல் போனது வந்தவரின் குறை.

முடிவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தான். "மாமா, இது பழுதில்லை. பத்து நிமிஷம் ஒண்டும் அழுத்தாட்டி அணைஞ்சிடு எண்டு தொடக்கத்திலேயே எழுதி வைச்சிருக்கினம்" என்றான். லினக்ஸில் இந்த அளவின் நடப்பு மதிப்பைத் தனியொரு கோப்பைத் திறந்து வாசிக்கலாம். எங்கள் கணினியில் அப்போது அதில் 60 என்று இருந்தது, தொழில்நுட்பவியலாளர் சேர்த்ததை நீக்கி மீண்டும் தொடக்கியபோது 600 என்று வந்தது. 600 விநாடி என்றால் பத்து நிமிடம். அதுதான் கேர்னலின் பழைய இயல்பு மதிப்பு. 2017இல் வெளிவந்த 4.12ஆம் பதிப்பிலிருந்து அது 0 ஆக மாற்றப்பட்டுவிட்டது. அதன்பின் வந்த கேர்னல்களில் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் கன்சோல் தானாக அணையாது. எங்களுக்கு விற்கப்பட்ட கணினியில் இருந்ததோ லினக்ஸின் ஒரு வகையான டெபியனின் 9ஆம் பதிப்பு, அதன் கேர்னல் 4.9. 2017 ஜூனில் வந்து, நீண்டகால ஆதரவும் 2022 ஜூனில் முடிந்துபோன ஒரு பதிப்பை இத்தனை காலம் கழித்து ஒரு வாடிக்கையாளருக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் எப்போதோ தயார்செய்த ஒரு பிரதி இருந்திருக்கவேண்டும். எல்லாருக்கும் அதையே ஏற்றுகிறார் என்பது என் ஊகம். என் பெரிய மனத்தாங்கல் இதுதான். திரை அணைவது கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி. ஆதரவு முடிந்த இயங்குதளம் கண்ணுக்குத் தெரியாத நோய்.

மருமகன் முதலில் வேகமான வழியைத்தான் முயன்றான். என் மேசைக் கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகப் பலகைக் கணினிக்குள் நுழைந்து செட்டெர்மை இயக்கியபோது, எக்ஸ்டெர்ம் என்ற முனையம் (கட்டளை தட்டும் சன்னல்) இந்த வசதியை ஆதரிக்கவில்லை என்று அது மறுத்துவிட்டது. இதற்கு அவன் தந்த விளக்கம் இந்த மாதிரி வேலை செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். செட்டெர்ம் கேர்னலின் மதிப்பை நேரடியாகத் தொடுவதில்லை. தான் எந்த முனையத்தில் இயங்குகிறதோ அதற்கு ஒரு சிறப்புக் குறித்தொடரை அச்சிடுகிறது, அவ்வளவுதான். தூரத்திலிருந்து இயக்கினால் அந்தக் குறித்தொடர் தூரத்திலிருப்பவரின் சன்னலுக்கே திரும்பி வரும், சுவரில் தொங்கும் திரைக்குப் போகாது. முனையத்தின் வகை லினக்ஸ் என்று சொல்லி, வெளியீட்டைப் பலகைக் கணினியின் முதலாவது கன்சோலுக்குத் திருப்பிவிட்டால் வேலை நடக்கிறது. கருவியில் மூன்று அமைப்புகள் உண்டு: எழுத்தை மறைக்கும் நேரம், மொனிட்டரின் மின்சேமிப்பு நிலை, அதன்பின் மொனிட்டரை முற்றாக அணைக்கும் நேரம். மூன்றையும் நிறுத்தவேண்டும். இவ்வளவும் செய்தாலும் கணினியை மீண்டும் தொடக்கினால் எல்லாம் மறந்துபோகும் என்பதால், நிரந்தரமாக இருக்கவேண்டுமென்றால் கேர்னல் அளவுருவே சிறந்தது என்று அவன் சொன்னான், நானும் அதையே பரிந்துரைப்பேன். கிரப் என்ற தொடக்க நிரலின் அமைப்புக் கோப்பில் கன்சோல்பிளாங்க் என்பதற்கு 0 கொடுத்து, கிரப்பைப் புதுப்பித்து, ஒரு தடவை மீள்தொடக்கினால் போதும். 0 என்றால் உடனே அணைந்துவிடுமோ என்று நான் பயந்தேன். இங்கே 0 என்பதற்கு ஒருபோதும் அணையாதே என்று பொருள்.

இந்த வசதியை வைத்தவர்களை மூடர் என்று நினைக்கவேண்டாம். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நாள்கணக்கில் நின்றால் உட்பூச்சான பொஸ்பரில் அதன் தடம் பதிந்துவிடும்; அணைத்தபின்னும் ஆவி போலத் தெரியும். எழுத்துத் திரையில் இந்த ஆபத்து அதிகம். பிறகு மின்சேமிப்பும் சேர்ந்தது. 1992இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கணினிகளுக்கும் மொனிட்டர்களுக்கும் எனர்ஜி ஸ்டார் முத்திரையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வெசா என்ற தர அமைப்பு, கிடை, நிலை ஒத்திசைவுச் சமிக்ஞைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதன் மூலம் மொனிட்டரை இயக்கம், காத்திருப்பு, இடைநிறுத்தம், அணைப்பு என நான்கு நிலைகளுக்குக் கொண்டுபோகும் டிபிஎம்எஸ் முறையை வகுத்தது. இன்றைய தட்டைத் திரையில் பொஸ்பரும் இல்லை, நிலைத்த தடம் என்ற பயமும் பெரும்பாலும் இல்லை. எல்சிடியில் சிலவேளை தோன்றும் நிழல் தானாகவே மறையும். ஓஎல்இடித் திரை வாங்குபவர்கள் மட்டும் இந்த வரியை நம்பவேண்டாம், அதில் தடம் பதியும்.

இங்கே முடிந்திருந்தால் இந்த மதிப்பீடு பாதியளவில் நின்றிருக்கும். முதலாளிக்குப் பலகையில் தமிழும் சிங்களமும் வேண்டும் என்ற நியாயமான ஆசை இருந்தது. லினக்ஸின் எழுத்துக் கன்சோலால் அது முடியாது. அதன் எழுத்துருவில் ஆகக்கூடியது 512 வடிவங்களுக்குத்தான் இடம். அதைவிடப் பெரிய தடை, 'கொ' போன்ற ஓர் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் வரவேண்டும் என்ற ஒழுங்கு அதற்குத் தெரியாது. ஆகவே பலகையைப் படமுறைத் திரைக்கு மாற்றவேண்டியதாயிற்று. இம்முறை விற்ற கடை நல்ல வேலை செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: கூலி எதுவும் வாங்காமல் டெபியன் 12ஐ ஏற்றி, உலாவி ஒன்றைத் திரை முழுதும் விரியும்படி அமைத்து, மூன்று மொழியிலும் அழகான எழுத்தில் விலை வரச்செய்தார்கள். இந்தப் பதிப்பின் கேர்னல் 6.1 என்பதால் கன்சோல்பிளாங்க் மதிப்பு தானாகவே 0. எல்லாரும் மகிழ்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது பத்தாவது நிமிடத்தில் திரை மறுபடியும் அணைந்தது.

படமுறைத் திரையை நடத்தும் எக்ஸ் என்ற சேவையகத்துக்குத் தனியான உறக்கக் கணக்கு இருக்கிறது. அதன் இயல்பு நேரமும் பத்து நிமிடம்தான். கேர்னலுக்குக் கொடுத்த கட்டளை எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. இதற்கான கருவி 'எக்ஸ்செட்'. அதில் நிலையைக் கேட்டால் திரைக்காப்பு இத்தனை விநாடி, டிபிஎம்எஸ் இத்தனை விநாடி என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். அநேகர் திரைக்காப்பை மட்டும் நிறுத்திவிட்டு டிபிஎம்எஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். வந்தவரும் அதையே செய்தார், ஆனால் இம்முறை பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து, மறந்ததைத் தாமே கண்டுபிடித்துத் திருத்தினார். எக்ஸ்செட்டின் மாற்றமும் சேவையகம் நின்றால் போய்விடும் என்பதால், அதை உலாவிக்கு முன்னதாகத் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தார். சன்னலும் பட்டியலும் கொண்ட முழுமையான மேசைச்சூழல் ஏற்றியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: சூழலுக்கென்று தனி மின்முகாமை நிரல் இருந்தால், அது எக்ஸ்செட் சொன்னதை மேலெழுதிவிடும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்ட் முறையில் எக்ஸ்செட்டுக்குப் பேச்சே இல்லை, சூழலின் அமைப்புகளில்தான் மாற்றவேண்டும். க்னோம் என்ற மேசைச்சூழலில் திரை அணையும் இயல்பு நேரம் ஐந்தே நிமிடம். விலைப்பலகைக்கு மேசைச்சூழலே தேவையில்லை என்பது என் கருத்து; எங்களுடையதில் அது இல்லை, அதனால் குழப்பமும் குறைவு.

கடைசித் தொல்லை மொனிட்டரிடமிருந்து வந்தது. கணினிப் பக்கம் எல்லாம் சரியான பிறகும் பிற்பகலில் ஒரு தடவை திரை அணைந்தது. ஒன்பதரைக்குத் திறந்த கடையில் ஒன்றரை மணிக்கு, மறுநாளும் அதே ஒன்றரைக்கு. மொனிட்டரின் பின்புறப் பொத்தானை அழுத்திப் பட்டியலுக்குள் தேடியபோது, நான்கு மணித்தியாலத்தில் தானாக அணையும் தெரிவு ஒன்று இயக்கத்தில் இருந்தது. அதை நிறுத்தியபின் இன்றுவரை பலகை பகலில் அணைந்ததில்லை. கணக்கெழுதும் பழக்கம் இருந்ததால் இரண்டு நாளின் நேரத்தையும் குறித்துவைத்தேன். குறிக்காமல் விட்டிருந்தால் கணினியைத்தான் இன்னொரு தடவை பழித்திருப்போம்.

மின்சேமிப்பை நிறுத்தினால் பில் ஏறாதா என்று முதலாளி கேட்டார். ஒரு மின்மானியை இடையில் செருகிப் பார்த்தேன். மொனிட்டர் 21 வாற்று எடுக்கிறது. நாளுக்கு ஒன்பது மணித்தியாலம், மாதத்தில் 25 நாள் என்று வைத்தால் 4,725 வாற்று மணித்தியாலம், ஏறத்தாழ ஐந்து அலகு. கடையின் குளிரூட்டிக்கும் கண்ணாடிப் பெட்டிகளின் விளக்குகளுக்கும் முன்னால் இது எந்தக் கணக்கிலும் வராது. வீட்டில் வெறுமனே எரியும் திரைக்கு நான் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன். வாடிக்கையாளர் பார்ப்பதற்கென்றே வைத்த திரை பகலில் உறங்குவதில் சேமிப்பு ஒன்றுமில்லை. இரவில் கணினியின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி ஒழுங்காக நிறுத்திவிட்டு, கடையின் பிரதான ஆளியை அணைத்துவிடுகிறோம்.

காலையில் ஆளியைப் போட்டதும் பலகை தானாக எழவேண்டுமென்றால், இயங்குதளத்துக்கு முன்னரே ஓடும் பயோஸ் என்ற அடிப்படை நிரலில் ஒரு தெரிவு இருக்கிறது: மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்பது. 'முன்பிருந்த நிலை' என்று வைத்தால், இரவில் நாமே நிறுத்தியதால் காலையிலும் நின்றபடியே இருக்கும். 'எப்போதும் இயங்கு' என்றே வைக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊரில், விற்பவரே இதைக் கேட்காமல் செய்து தந்திருக்கவேண்டும். எங்களுக்கு அதையும் மருமகன்தான் செய்தான்.

இத்தனைக்குப் பிறகும் இந்த மாதம் மேல்மாடிக்கு இரண்டாவது பலகையை அதே கடையிடமே வாங்கினோம். பொருளின் தரமும், பிழையை ஒப்புக்கொண்டு கூலியின்றித் திருத்திய பண்பும் அதற்குக் காரணம். ஆனால் இம்முறை முன்பணம் கொடுப்பதற்கு முன் விலைக்கூற்றிலேயே எழுதி வாங்கினேன்: ஆதரவு நடப்பிலுள்ள இயங்குதளம், கன்சோல், எக்ஸ், மொனிட்டர் ஆகிய மூன்றிலும் தானாக அணைவது நிறுத்தப்பட்டிருக்கவேண்டும், மின் திரும்பியதும் தானாகத் தொடங்கவேண்டும், விசைப்பலகையும் சுட்டியும் இணைக்காமல் அவர்களின் மேசையில் ஐந்து மணித்தியாலம் ஓடவிட்டுக் காட்டவேண்டும். கடைகளில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். பத்தாவது நிமிடத்துப் பழுதும் நான்காவது மணித்தியாலத்துப் பழுதும் அதில் எப்படித் தெரியும்? அதற்கென்று 3,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தோம். காலை பத்து மணிக்கு ஓடவிட்டு, மூன்றரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது விலை இலக்கங்கள் நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தன. அங்கேயே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிவந்தேன்.